கேள்விப் பக்கம் கீழே

நாள் ஒன்றுக்கு இருபது பிழை வீதம், ஞாயிறு நீங்கலாக, இருபத்திரண்டு வருடம் ஆங்கிலத்தைப் பிழையாக எழுதுவது என் உத்தியோகமாக இருந்தது. நான் ஓய்வு பெற்ற மறு மாதமே அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பாலாஜி போன வாரம் போன் செய்தார்.

"சார், மெஷின் நிமிஷத்துக்கு நூறு கேள்வி போடுது. ஆனா ஒண்ணு ரெண்டு வாக்கியம் பிழையே இல்லாம வந்துடுது. உங்க காலத்துல இப்படி நடந்திருக்கா?"

"ஒரே ஒரு தடவை" என்றேன். "ஒண்ணு ரெண்டு இல்ல. மொத்தமும்."

எழுதி அனுப்பச் சொன்னார். என் டைரிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் அது. பெயர் வேண்டாம். கும்பகோணத்தில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, இரண்டு டுடோரியல்களில் பாடம் சொல்லி, இரண்டும் மூடப்பட்ட பிறகு அங்கே சேர்ந்தேன். 'பிழை காண்க' என்ற பகுதிக்குக் கேள்வி தயாரிப்பதுதான் வேலை. ஒரு வாக்கியத்தை ஏ, பி, சி என்று மூன்று துண்டாகப் போட்டு, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். பிழையே இல்லை என்றால் டி. முதல் மூன்று மாதம் பிழையில்லாத வாக்கியம் மட்டும் எழுதச் சொன்னார்கள். நான்காவது மாதத்திலிருந்து அதைப் பிழையாகும்படி ஒரே ஓர் இடத்தில் உடைக்க விட்டார்கள். இரண்டு இடத்தில் உடைந்தால் வாக்கியம் எழுதிய சீட்டு திரும்பி வரும்.

திருப்பி அனுப்புகிறவர் இயக்குநர் ஏகாம்பரம் ஐயா. வருவாய்த் துறையில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். மையத்தைத் தாலுகா ஆபீஸ் மாதிரியே நடத்தினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வரிசை எண், பதிவேடு, ஐந்து பேர் கையொப்பம். சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஷரா எழுதுவார். 'கால்வாய் திங்கள் முதல் வறண்டு கிடக்கிறது' என்ற பொருளில் நான் எழுதிய ஒரு சீட்டு, ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் இந்த ஷராவோடு திரும்பியது: 'ஆடி மாதத்தில் வாய்க்காலை வறள விட வேண்டாம்.' நான் வறண்டதை அடித்துவிட்டு நிறைந்தது என்று மாற்றினேன். பிழையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். அனுமதித்தார்.

எந்தக் கோப்பை வைத்தாலும் மேலே 'பேசவும்' என்று எழுதுவார். பேசப் போனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்பார். கேட்டு முடித்ததும், "எழுத்துல கொடுங்க" என்பார். எழுத்தில் கொடுத்தால் மறுபடி 'பேசவும்'. சராசரியாக மூன்றாம் சுற்றில் ஒரு முடிவு கிடைக்கும். அவரோடு எனக்கு ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை. எனக்கும் இப்படி வேலை செய்வது பிடித்திருந்தது.

சீட்டு எழுதும் முறையை வகுத்தவன் நான். நீல மையில் முன்பக்கம் பிழையோடு கூடிய வாக்கியம். அதுதான் கேள்வி. சிவப்பு மையில் பின்பக்கம் அதன் சரியான வடிவம். கேள்வி வெளியே கசியக் கூடாது என்பதால், மேசையில் வைத்தாலும் கட்டாகக் கட்டினாலும் கேள்விப் பக்கம் கீழே இருக்க வேண்டும். மொத்தம் பதினொரு விதிகள். ஐயா ஒப்பமிட்டுச் சுவரில் மாட்டினார். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்த மல்லிகா, கட்டு வந்ததும் அதைப் புரட்டி வைத்துக்கொண்டு நீலத்தைத் தட்டச்சு செய்வார். புரட்ட வேண்டும் என்று எந்த விதியிலும் நான் எழுதவில்லை. மல்லிகா புரட்டிக்கொண்டிருந்ததால் எழுதத் தோன்றவில்லை.

மல்லிகா பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக பிரபு என்பவர் வந்தார். அந்தப் புரட்டாசியில்தான் இலவச உறைவிட வகுப்புக்கு நுழைவுத் தேர்வு. முப்பது இடம். தங்கவும் சாப்பிடவும் மையத்தின் பொறுப்பு. ஐம்பது வாக்கியங்கள் கொண்ட கட்டு பிரபுவிடம் போனது. மேலே தெரிந்தது சிவப்பு. எந்த ஆபீஸிலும் சிவப்பில் இருப்பதுதான் திருத்திய பிரதி. அவர் அதைத் தட்டச்சு செய்தார். என்ன செய்திருக்க வேண்டும் என்று பிற்பாடு விசாரணையில் ஐயா கேட்டபோது பிரபு, "புத்தியுள்ளவன் சிவப்பைத்தான் அடிப்பான் சார்" என்றார். அது விசாரணைக் குறிப்பில் இருக்கிறது.

மெய்ப்பு பார்ப்பதற்கும் விதி உண்டு. ஒருவர் சீட்டைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் அச்சான தாளைப் பார்த்துப் பொருந்தினால் 'சரி' என்று சொல்ல வேண்டும். பிரபு படித்தார். நான் தாளைப் பார்த்தேன். ஐம்பது முறை சரி என்று சொல்லிக் கையொப்பமிட்டேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

சரியான விடைகளின் பட்டியல் வேறு வழியில் தயாராகும். பதிவேட்டைப் பார்த்து ஐயாவே தன் கையால் எழுதித் தன் பீரோவில் வைத்துப் பூட்டுவார். அதை மையத்தில் எல்லாரும் சாவி என்போம். இந்த முறை சாவிப்படி நாற்பதில் பிழை, பத்தில் பிழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபது பேர் தேர்வு எழுதினார்கள். முழுக்க முழுக்கப் பிழையில்லாத ஐம்பது வாக்கியங்களில் பிழை தேடினார்கள். ஒருவரும் புகார் சொல்லவில்லை. டி என்ற விடை பத்துக்கு மேல் வராது என்பது டெல்டா முழுவதும் எல்லாப் பயிற்சி மையங்களிலும் சொல்லித் தருவது. அதனால் பத்து டி போட்டதும் நிறுத்திவிட்டு, மற்ற வாக்கியங்களில் எந்தத் துண்டு பார்க்கச் சந்தேகமாக இருந்ததோ அதைக் குறித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை விவாத வகுப்பு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியிலும் பிழை எங்கே, ஏன் என்று நான் விளக்க வேண்டும். இதைத் தயங்கித்தான் எழுதுகிறேன். அதுவரை லட்சத்துக்கு மேல் வாக்கியம் உடைத்தவன் நான். எதை எங்கே உடைத்தேன் என்பது நினைவில் நிற்காது. சாவி சொன்னால் அங்கே பிழை இருக்கும். இருபது வருடமாக இருந்திருக்கிறது.

முதல் கேள்வி: 'ஒன் ஆஃப் தி புல்லக்ஸ் இஸ் லேம்.' மாடுகளில் ஒன்று நொண்டுகிறது. சாவி, சி என்றது. அதாவது 'இஸ் லேம்' என்ற துண்டில் பிழை. என்ன பிழை என்று பலகையில் தேடினேன். சீர்காழியிலிருந்து வந்திருந்த மதியழகன் என்பவர், எல்லாவற்றிலும் முதல் ஆளாகக் கை தூக்குகிறவர், எழுந்தார்.

"சார், மாடு ஜோடியாத்தான் பூட்டுவாங்க. ஒண்ணு நொண்டுனா அது கூடவே இன்னொண்ணும் தாங்கித் தாங்கித்தான் நடக்கும். அப்ப பன்மை வரணும்ல சார்?"

"சரியாகச் சொன்னீர்கள்" என்றேன்.

அதன் பிறகு தடையில்லாமல் போயிற்று. பதினான்காவது, ஐயா ஆடி மாதத்தில் திருத்திய வாக்கியம்: 'தி கெனால் ஹேஸ் பீன் ஃபுல் சின்ஸ் மண்டே.' கால்வாய் திங்கள் முதல் நிறைந்திருக்கிறது. சாவி, பி. 'ஹேஸ் பீன் ஃபுல்' என்பதில் பிழை. ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு, ஆகவே ஒரு வாய்க்கால் தொடர்ந்து நிறைந்திருப்பதாக எழுதுவது பொருந்தாது என்று விளக்கினேன். நூற்றிருபது பேரில் பாதிக்கு மேல் வயற்காட்டு வீட்டுப் பிள்ளைகள். பளிச்சென்று புரிந்துவிட்டது. எழுதிக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்தில் நாற்பதையும் முடித்தேன். கைதட்டினார்கள். அன்றைய டைரி: 'செவ்வாய். காலையில் தூறல். விவாத வகுப்பு, சிறப்பாக முடிந்தது. பிழைகள்: இல்லை.' நான் அன்று எத்தனை பிழை எழுதினேன் என்று குறிக்கும் பத்தி அது. வகுப்பு நாளில் சீட்டு எழுத மாட்டேன் என்பதால் இல்லை என்று போட்டேன்.

புதன்கிழமை மதிப்பெண் பட்டியல் போட்டபோது ஒரு தாள் தனியாக நின்றது. திருக்காட்டுப்பள்ளி சுகன்யா. ஐம்பதுக்கும் டி. பத்து சரி. நாற்பது தவறு. தவறுக்குக் கால் மதிப்பெண் கழிக்க வேண்டும். பத்தில் பத்து போக, பூஜ்யம்.

ஐயா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குறையவும் இல்ல, கூடவும் இல்ல. துல்லியமாப் பூஜ்யம். கணக்குப் போட்டுத்தான் எடுத்திருக்காங்க."

"வேணும்னே செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா ஐயா?"

"நூத்திருபது பேர்ல யாருக்காச்சும் இப்படி அமைஞ்சிருக்கா? தேர்வைக் கேலி பண்ணியிருக்காங்க. கடிதம் போடுங்க."

போட்டேன். தேர்வை அவமதித்ததால் இந்த வருடம் இடமில்லை, இனி விண்ணப்பிக்கவும் அனுமதியில்லை என்று. கீழே என் கையொப்பம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். பெயர் வைத்திலிங்கம். சுகன்யாவின் மாமனார். குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். காலில் சேறு காய்ந்திருந்தது. சுகன்யா அவருக்குப் பின்னால் நின்றார். ஐயா அன்று விடுப்பு. விடைச்சாவி பீரோவுக்குள், பீரோ சாவி அவரிடம்.

"மருமவ கேலி பண்ற ஆளு இல்லீங்க" என்று ஆரம்பித்தார் வைத்திலிங்கம். "மவன் துபாய்ல இருக்கான். வீட்டுல ஒரு கைப்புள்ள. அதுக்கு நடுவுல உக்காந்து படிக்குது. வயசு வரம்புல இதாங்க கடைசி வருசம். இங்க ஒரு இடம் கிடைச்சா புள்ளைய நாங்க பாத்துக்குறோம், ஒரு வருசம் தங்கிப் படின்னு சொல்லி, நடவு முடிஞ்ச கையோட நான்தான் கூட்டியாந்தேன். இனிமே விண்ணப்பமே போடக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே, அப்படி என்னங்க பண்ணிடுச்சு?"

"எல்லாத்துக்கும் ஒரே விடை போட்டிருக்காங்க. எதுலயும் பிழையே இல்லைன்னு."

"இருக்குன்னு நீங்க சொல்றீங்க."

"இருக்கு."

"சரிங்க. கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரமா இருக்குன்னு திருப்பி அனுப்புறப்பக்கூட மெஷினைப் போட்டு நம்பரைக் காட்டுவாங்க. பாத்துக்க, பதினேழுக்கு மேல இருக்கு, எடுத்துட்டுப் போன்னு. நீங்களும் மெஷினைக் காட்டிடுங்க. நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

நியாயமாகப் பட்டது. கேள்வித்தாளை எடுத்து முதல் வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன்.

"என்ன அர்த்தம்?"

"மாடுகள்ல ஒண்ணு நொண்டுது."

"மாடு நொண்டுறது தப்புதான், இல்லேங்கல. எழுதுனதுல என்னங்க தப்பு?"

நான் தாளைப் பார்த்தேன். சாவி கையில் இல்லாமல், பிழை தேடி என் கேள்வி ஒன்றைப் படிப்பது அதுதான் முதல் தடவை. மாடு ஜோடியாகத்தான் பூட்டுவார்கள் என்று ஆரம்பித்தேன். எதிரில் நின்றவர் நாற்பது வருடம் மாடு பூட்டியவர். பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாம் வாக்கியம் படித்தேன். மூன்றாவது. ஏழாவது வரை உரக்கப் படித்தேன், அதற்குப் பின் மனதுக்குள். வைத்திலிங்கம் மருமகளிடம், "என்ன, சார் வாய மூடிட்டாரு?" என்று மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

எழுந்து போய்ச் சீட்டுக்கட்டை எடுத்து வந்தேன். விதிப்படி சிவப்பு மேலே இருந்தது. அச்சுத்தாளை அதன் பக்கத்தில் வைத்தேன். எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. பிறகு கட்டைப் புரட்டினேன்.

"மெஷின் என்ன சொல்லுது?" என்றார் வைத்திலிங்கம்.

"திங்கள்கிழமை வாங்க" என்றேன். சுகன்யாவை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை ஐயா வந்தார். கோப்பு வைத்தேன். 'பேசவும்.' பேசினேன். கண்ணாடியை வழக்கத்தைவிட நீண்ட நேரம் துடைத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு?"

"ஐம்பதுக்கு ஐம்பது."

"மத்தவங்களுக்கு?"

சொன்னேன். முதல் இடத்தில் இருந்த மதியழகன் எட்டே எட்டு டி போட்டிருந்தார். மீதி நாற்பத்திரண்டும் தவறு. அவருக்கு இப்போது மைனஸ் இரண்டரை. மற்ற யாருமே அரை மதிப்பெண்ணுக்கு மேல் போகவில்லை.

"முப்பது இடம். ஒருத்தர்தான் பாஸ்" என்றார் ஐயா. "எழுத்துல கொடுங்க."

கொடுத்தேன். 'பேசவும்' என்று எழுதப் போனவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே சுற்றில் முடிவான கோப்பு அது ஒன்றுதான். சுகன்யாவுக்கு இடம். மற்றவர்களுக்கு மறு தேர்வு. திங்கள்கிழமை எல்லாரையும் கூட்டி நானே விளக்க வேண்டும்.

பெரிய ஹால் நிரம்பியிருந்தது. வைத்திலிங்கமும் சுகன்யாவும் கடைசி பெஞ்சில் இருந்தார்கள். ஐம்பது வாக்கியங்களும் சரியானவை, சாவி செல்லாது என்று அறிவித்தேன். வருத்தப்படுவார்கள், கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். நான் சொன்னதை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மதியழகன் எழுந்தார். கையில் செவ்வாய்க்கிழமை எடுத்த குறிப்பு.

"சார், பதினாலாவது கேள்வி. வாய்க்கால் தொடர்ந்து நிறைஞ்சிருக்க முடியாது, முறை வச்சுத்தான் விடுவாங்க, அதனால தப்புன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது நான் சொன்ன தவறான விளக்கம்."

"இல்ல சார், சரியான விளக்கம். எங்க ஊர்லயும் முறை வச்சுத்தான் விடுறாங்க."

"ஆமா சார்" என்று பல குரல்கள்.

"வாக்கியம் சரியா இல்லையான்னுதான் பார்க்கணும். தண்ணி வருதா இல்லையான்னு இல்ல."

"செவ்வாய்க்கிழமை தண்ணியத்தானே சார் பார்த்தீங்க?" என்றார் ஒரு பெண். சிரிப்பு எழுந்தது. ஒருவர் மாட்டு ஜோடியை எடுத்துக்கொண்டார். இன்னொருவர், நான் சொன்னதை வைத்து நான் சொல்லாத ஒரு விதியையே உண்டாக்கியிருந்தார். நாற்பது விளக்கங்களும் நாற்பது திசையிலிருந்து என்னிடம் திரும்பி வந்தன. எல்லாமே நன்றாக இருந்தன. என்னால் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. ஐயா எழுந்து, வாக்கெடுப்பு நடத்தலாமா என்று என் காதருகே கேட்டார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து வைத்திலிங்கம் எழுந்தார். பதினான்காவது வாக்கியம் என்ன சொல்கிறது என்று மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது.

"தம்பி, சீர்காழித் தம்பி. திங்கக்கிழமையிலேர்ந்து வாய்க்கா நிறைஞ்சிருக்க முடியாதுங்குறீங்களா?"

"முடியாதுங்க."

"போன திங்கக்கிழமை எங்க பக்கம் முறை வந்துச்சு. அன்னைலேர்ந்து இன்னைய தேதிக்குக் கரை வழிய ஓடிக்கிட்டிருக்கு. போக வர வண்டிச் சத்தம் நான் குடுக்குறேன். வந்து பாத்துட்டு வந்து உக்காந்து பேசுங்க."

மதியழகன் தன் குறிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த ஒண்ணு மட்டும் சரி சார்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஒன்று போதும் என்றார் ஐயா. ஒரு வாக்கியத்தில் சாவி செல்லாது என்று சபை ஒப்புக்கொண்டதால் சாவி முழுவதும் செல்லாது என்று அங்கேயே எழுதிப் படித்தார். வருவாய்த் துறையில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். மறு தேர்வுக்குத் தேதி குறித்தோம். அதில் மதியழகன் இருபத்தேழாவதாக உள்ளே வந்தார். நான் பன்னிரண்டாவது விதியை எழுதிச் சுவரில் சேர்த்தேன்: 'தட்டச்சுக்கு முன் கட்டைப் புரட்டவும்.'

அன்று மாலை சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட சுகன்யா என் மேசைக்கு வந்தார். வைத்திலிங்கம் வாசலில் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். முந்தைய கடிதத்தை ரத்து செய்யும் கடிதத்தை சுகன்யாவிடம் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வகுப்புல நீங்களும்தானே இருந்தீங்க? நான் விளக்கினப்போ ஏன் எழுந்து சொல்லல?"

"முதல் அஞ்சாறு வரைக்கும் சொல்லணும்னுதான் சார் இருந்துச்சு."

"அப்புறம்?"

"நீங்க ரொம்ப நல்லா விளக்குனீங்க சார். இருபதாவது வர்றப்ப எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. வீட்டுக்குப் போயி, நான்தான் தப்பாப் போட்டுட்டேன், இனிமே படிக்கலன்னு சொல்லிப் புத்தகத்தையெல்லாம் பரண்ல ஏத்திட்டேன். உங்க லெட்டர் வந்ததும் மாமாதான், மெஷினைக் காட்டச் சொல்லுவோம் வான்னாரு. எனக்கு வர இஷ்டமே இல்ல."

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

டைரியில் எழுதியதை நான் திருத்துவதில்லை. மழை பெய்ததைப் பெய்யவில்லை என்று எழுதியிருந்தாலும் அப்படியே விட்டுவிடுவேன். அன்று வீட்டுக்கு வந்ததும் போன செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். 'பிழைகள்: இல்லை' என்பதை ஒரு கோடு இழுத்து அடித்தேன். சிவப்பு மையை எடுத்து, பக்கத்தில் 'நாற்பது' என்று எழுதி, கையொப்பமிட்டேன்.